கிருலப்பனையில் கீரி, ஹரோவில் நரி

எங்கள் வீட்டுக் கோழிக்கூட்டைப் பார்க்க வருகிறவர்கள் முதலில் கேட்பது, ஒரு நாளைக்கு எத்தனை முட்டை கிடைக்கிறது என்று. நான் அவர்களைக் குனியச் சொல்லிக் கூட்டின் அடிப்பக்கத்தைக் காட்டுவேன். முட்டை கோழியின் பாடு, அடிப்பக்கம் எங்கள் பாடு. கோழி வளர்க்க ஆசைப்படுகிறவர் கோழி வாங்குவதற்கு முதல் வலை வாங்கவேண்டும். காண்கிறவர்களிடமெல்லாம் இதைச் சொல்லிக்கொண்டிருப்பதைவிட ஒரேயடியாக எழுதிவிடலாம் என்றுதான் இந்தப் பதிவு.

இலங்கையில் 2021இல் இரசாயன உரத்துக்குத் தடை வந்து சோளம் விளையாமல் போனது, அடுத்த வருடம் தீவனத்துக்கு வெளியிலிருந்து சாமான் எடுக்க டொலர் இல்லாமல் போனது. பண்ணைக்காரர்கள் கோழியைக் குறைத்தார்கள், முட்டை விலை ஏறியது. 2023இல் இந்தியாவிலிருந்து முட்டை இறக்குகிற அளவுக்கு நிலைமை வந்தது எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும். அந்த நாட்களில்தான் கொழும்பில் கொஞ்சம் நிலம் உள்ளவர்கள் பலரும் பின்வளவில் கோழி விட்டார்கள். எங்கள் ஒழுங்கையிலேயே நாலைந்து வீடு. இப்போது கோழி மிஞ்சியிருப்பது எங்களிடமும் பக்கத்து வீட்டு அக்காவிடமும்தான். மற்ற வீடுகளில் நோய் வந்து சாகவில்லை, தீவனச் செலவு தாங்காமல் விற்கவுமில்லை. விடிய எழும்பிப் பார்த்தால் கூடு முழுக்க இறகு. அதோடு அவர்களுக்கு மனம் விட்டுப்போனது.

எங்களிடம் இருப்பவை குளியாப்பிட்டிப் பக்கத்துப் பண்ணையிலிருந்து வந்த சிவப்பு லேயர் கோழிகள். சேவல் இல்லை. மதிலோடு மதில் முட்டும் ஒழுங்கையில் விடியப்புறம் நாலு மணிக்குச் சேவல் கூவினால் அயல் மனிதர் எப்படித் தூங்குவது? சேவல் இல்லாமலே பேடு முட்டையிடும், அது குஞ்சு பொரிக்காது, அவ்வளவுதான்.

கொழும்பு கிருலப்பனையில் எங்கள் ஒழுங்கை ஹைலெவல் வீதியில் தொடங்கி, இறங்கி இறங்கிக் கால்வாய்ப் பக்கம் முடிகிறது. வீதியில் 138 பஸ்கள் ஒன்றையொன்று முந்திக்கொண்டு ஓடும். அங்கிருந்து சில நிமிடம் நடந்து கால்வாய்க்கரைக்கு வந்தால் நீர்க்காகமும் கொக்கும் கபரகொய்யா என்கிற பெரிய நீர் உடும்பும். 2018இல் ஈரநிலங்களைக் காக்கிற ராம்சர் சர்வதேச உடன்படிக்கை முதன்முதலாக ஈரநில நகரங்கள் என்று 18 நகரங்களை அங்கீகரித்தபோது கொழும்பும் அதில் ஒன்று. பத்தரமுல்லையிலிருந்து தெஹிவளை வரைக்கும் சதுப்பும் கால்வாயும் ஒன்றோடொன்று தொடுத்துக் கிடக்கின்றன. மனிதனுக்கு வீதி எப்படியோ, மிருகத்துக்கு இந்தக் கால்வாய்க்கரை அப்படி. இரவில் மிருகங்கள் அதன் வழியே நகரம் முழுக்கப் போய்வருகின்றன. கோழிக்கூடு வைக்கிறவர் தன் வளவுக்குப் பக்கத்தில் எது ஓடுகிறது என்று முதலில் பார்க்கவேண்டும். கால்வாயா, ரெயில் பாதையா, ஆள் இல்லாத காணியா, அல்லது கூரைக்குக் கூரை தாவக்கூடிய வரிசை வீடுகளா?

எங்கள் பக்கம் பகலில் வருவது கீரி. இரவில் வருவது மரநாய், சிங்களத்தில் உகுடுவா என்பார்கள், சீலிங்கில் குடும்பம் நடத்தித் தூக்கத்தைக் கெடுக்கிற அதே ஆள். முட்டைக்கும் குஞ்சுக்கும் சாரைப்பாம்பும் நாகமும் வரும். குஞ்சென்றால் காகமும் வல்லூறும் விடாது. கபரகொய்யா முட்டை மணத்துக்கு மதிலோரம் மெதுவாக வந்து நிற்கும். தெருநாய் கேட் திறந்திருந்தால் போதும். இதையெல்லாம் தாண்டி மீன்பிடிப் பூனையும் இந்த நகரத்தில் இருக்கிறது, சிங்களத்தில் ஹந்துன் திவியா. அன்யா ரத்நாயக்கவின் ஆய்வுக் குழு கொழும்பில் இந்தப் பூனைக்குக் கழுத்துப்பட்டி மாட்டிப் பின்தொடர்ந்தபோது, அது சதுப்பில் மட்டும் திரியவில்லை, வீட்டுக் கூரையிலும் மதிலிலும் நடந்து வீட்டுத் தடாகங்களில் வளர்ப்பு மீன் பிடித்துத் தின்றது தெரியவந்தது. வீட்டுப் பூனையைவிட இரண்டு மடங்கு பெரிய உடம்பு. மீன் பிடிக்கிற பூனை கோழியைக் கண்டால் சும்மா போகாது.

நரி எங்கள் ஒழுங்கைக்கு வராது. ஆனால் நான் கூடு கட்டப் படித்ததில் பாதி நரியிடம்தான்.

என் தங்கச்சி லண்டனில் ஹரோவில் இருக்கிறாள். கொரோனா முடக்கத்துக்குப் பிறகு அவளும் கோழி வளர்க்கத் தொடங்கினாள். இணையத்தில் வாங்கிய அழகான மரக்கூடு, பக்கத்தில் கோழி உலாவ வலை அடித்த ஓடுபாதை, பச்சைப் பூச்சு. ஏப்ரல் மாதம், நல்ல வெயில் உள்ள மத்தியானம், வேலையால் வந்து பார்த்தால் ஓடுபாதையின் மூலையில் வலை கழன்று தொங்குகிறது. அன்று இரவு அழைத்தாள்.

“அக்கா, ஒண்டைத்தான் தூக்கிக்கொண்டு போயிருக்கு. மிச்சமெல்லாம் கொன்றுபோட்டு அப்பிடியே விட்டிட்டுப் போட்டுது. ஏன் அக்கா அப்பிடி?”

பக்கத்தில் இருந்த அம்மாவுக்குக் கேட்டுவிட்டது. அம்மா வன்னியில் பிறந்து வளர்ந்தவர், முள்ளியவளைப் பக்கம். போனை வாங்கி, “அது ஓட இடமில்லாததால பிள்ளை. காட்டில எண்டா ஒண்டைப் பிடிக்க மற்றது பறந்திடும். நீ அடைச்சு வைச்சிருக்கிறாய், பறக்க இடமில்லாமல் அதுகள் நரியின்ர முகத்துக்கு முன்னாலதானே அடிச்சுக்கொண்டு நிண்டிருக்கும்” என்றார்.

அம்மா சொன்னதுதான் உயிரியல்காரர் சொல்வதும். கண்ணுக்கு முன்னால் இரை துடிக்கும் மட்டும் நரியின் வாய் நிற்காது. கொன்றதை ஒவ்வொன்றாகக் கொண்டுபோய்ப் புதைத்து வைத்துப் பிறகு தின்னும் பழக்கமும் அதற்கு உண்டு. நேரம் கிடைத்திருந்தால் மிச்சத்துக்கும் திரும்பி வந்திருக்கும். கீரியும் மரநாயும் அடைத்த கூட்டுக்குள் நுழைந்தால் இதே வேலைதான். அதனால் ஒரு கோழி போனால் போகட்டும் என்று இருக்கமுடியாது. கூட்டில் ஓட்டை விழுந்தால் எல்லாம் போகும்.

ஏப்ரலில், அதுவும் பட்டப்பகலில் வந்ததற்கும் காரணம் உண்டு. அந்த நாட்டு நரி மார்ச் மட்டில் குட்டி போடும். ஏப்ரல், மே மாதங்களில் குட்டிகளுக்கு இறைச்சி தேடி இரவு பகல் பாராமல் திரியும். லண்டன் புறநகர்களில் நரி குடியேறி ஒரு நூற்றாண்டு ஆகப்போகிறது, ஆளைக் கண்டு பயம் குறைவு. தங்கச்சியின் அயலில் ஒருவர் நரிக்குச் சாப்பாடே வைக்கிறாராம். அந்த மனிதரைச் சொல்லி என்ன, வீட்டுக்கு வீடு இரக்கம் வேறு வேறு.

அந்தக் கூட்டில் இருந்தது மெல்லிய அறுகோண வலை. இங்கே ஹார்ட்வெயார் கடையில் ‘குக்குல் தெல்’ என்று கேட்டால் உருட்டி எடுத்துத் தருகிற அதே சாமான். பெயரில் கோழி இருப்பதால் எல்லோரும் அதை வாங்குகிறார்கள். அது கோழி வெளியே போகாமல் தடுக்கும். வெளியில் இருந்து வருகிறவனைத் தடுக்காது. முறுக்கிய மெல்லிய கம்பி, நரி பல்லால் இழுத்தால் பிரிந்துவிடும், ஈரத்தில் ஒரு வருடத்தில் துருவேறிவிடும். கண்ணும் பெரிது. கீரியின் தலை நுழைந்தால் உடம்பும் நுழையும்.

வாங்கவேண்டியது அரை அங்குலக் கண் உள்ள வெல்ட் மெஷ். கம்பி கம்பியோடு ஒட்டியிருக்கும், முறுக்கு இல்லை. நான் வாங்கியது பழைய சோனகத் தெருவில். அங்கே கடை கடையாக ஏறி இறங்கினால் விலையிலும் தரத்திலும் நல்ல வித்தியாசம் தெரியும். கேஜ் எண் கூடக் கூடக் கம்பி மெலிவு என்பதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். 19 கேஜுக்கு மேல் போகவேண்டாம். கையில் பிடித்து மூலையை மடித்துப் பாருங்கள். பிஸ்கட் பெட்டித் தகரத்தைவிட இலகுவாக மடிந்தால் அது கூட்டுக்கு ஆகாது. கடைக்காரர் தம்பி ஒருவர், “அக்கா, கோழிக்கு இது என்னத்துக்கு, வீண் செலவு” என்றார். நான் காசை எண்ணிக் கொடுத்துவிட்டு, சுருளை ஆட்டோவில் குறுக்கே வைத்து, ஒரு பக்கம் வெளியே நீட்டிக்கொண்டு வீடு வந்தேன்.

வலை எவ்வளவு நல்லதென்றாலும் அதைப் பொருத்துகிற விதம் சரியில்லாவிட்டால் பிரயோசனம் இல்லை. ஹரோவில் நரி வலையைக் கடித்து அறுக்கவில்லை. மரத்தில் அடித்திருந்த ஸ்டேப்பிள் ஆணிகளை ஒவ்வொன்றாகக் கழற்றியிருக்கிறது. எங்கள் கூட்டில் வலையின் விளிம்புக்கு மேலே ஒரு மரச்சட்டம் வைத்து, சட்டம், வலை, தூண் மூன்றையும் சேர்த்து ஸ்குரூ போட்டிருக்கிறோம். சட்டம் வைக்க முடியாத இடத்தில் பெரிய வாஷர். எங்களுக்குக் கூடு கட்டித் தந்த தச்சுவேலை பாஸ் வயதானவர், பிலியந்தலைப் பக்கம். முதலில் நான் சொன்னதைக் கேட்டுத் தலையை ஆட்டிக்கொண்டு நின்றார். பிறகு தன் ஊரில் கீரி பிடித்த கோழிக் கதைகளை எடுத்துவிட்டு, நான் கேட்காமலே மூலைகளில் வலையை இரட்டையாக மடித்தார். மூலையில்தான் வலையும் வலையும் சேர்கிறது, மூலையில்தான் மூக்கு நுழைகிறது.

லண்டன் கூட்டுக்கும் கொழும்புக் கூட்டுக்கும் ஒரு பெரிய வித்தியாசம் உண்டு. இங்கே கோழி வைக்க யோசிக்கிறவர்கள் அங்குள்ள படங்களைப் பார்த்துக் கூடு செய்யாதீர்கள். அங்கே குளிர். சுற்றிவரப் பலகை அடித்து, சின்னக் காற்றோட்டம் விட்டால் போதும். அந்தப் பலகையே பாதிக் காவல். இங்கே அப்படி அடைத்தால் கோழி வெக்கையில் வாயைத் திறந்து மூச்சு வாங்கும், எச்சத்தின் புழுக்கத்தில் கண் எரியும். எங்கள் கூட்டில் மூன்று பக்கம் மேல் பாதி முழுக்க வலைதான். மழைச்சாரல் அடிக்காதபடி கூரைத் தகரத்தை நன்றாக வெளியே இறக்கியிருக்கிறோம். பலகை செய்கிற காவலை இங்கே வலை செய்யவேண்டும். நல்ல வலைக்குச் செலவழிக்கச் சொல்லி நான் பிடிவாதம் பிடிப்பது இதனால்தான்.

கீழ்ப் பாதி பலகை. உள்ளே படுத்திருக்கிற கோழி வெளியே நிற்கிற மிருகத்தின் கண்ணில் படக்கூடாது. கோழி உட்காரும் தடியும் வலையிலிருந்து ஓரடி தள்ளித்தான் இருக்கவேண்டும். வலையோடு ஒட்டி உறங்குகிற கோழியின் காலையோ வாலையோ வெளியில் இருந்து பிடித்துக்கொண்டால், கூடு திறக்காமலே கோழி போய்விடும்.

கூட்டைக் கால் வைத்து உயர்த்தியது அம்மாவின் யோசனை. “நரி மண்ணிலதான் கெட்டிக்காரன். எங்கட அப்பு கூட்டை இடுப்பளவுக்குத் தூக்கித்தான் கட்டுவார். குஞ்சுத் தாயைக் கரப்புக் கூடையால மூடி, மேல அம்மிக்குழவியை வைப்பார்” என்று அம்மா சொல்வார். இரவில் நரி ஊளையிடும்போது கூட்டுக்குள் கோழிகள் மூச்சுக் காட்டாமல் இருக்குமாம். கூடு உயர்ந்திருந்தால் மழைத் தண்ணீரும் உள்ளே வராது. 2016 மே மாதம் களனி பெருகியபோது கொலன்னாவையில் மனிதர் வீடுகளே மூழ்கின. பெரிய மழைக்கு எங்கள் கால்வாயும் கரையைத் தொட்டுக்கொண்டுதான் ஓடும்.

ஆனால் எங்கள் ஓடுபாதை தரையில்தான் இருக்கிறது. கோழி மண்ணைக் கிளறவேண்டும், புழுதியில் புரளவேண்டும், இல்லாவிட்டால் அது கோழியாக இருக்காது. தரைக்கு வழி சொல்லித் தந்தவள் தங்கச்சி. நரி போன பிறகு அவள் அங்குள்ள பழைய கோழிக்காரர்களிடம் கேட்டு, வேலியைச் சுற்றி வலையைத் தரையோடு தரையாக வெளிப்பக்கம் ஒன்றரை அடிக்குப் பாவாடை விரித்த மாதிரிப் பரப்பி, மேலே கல் வைத்தாள். வீடியோ எடுத்து அனுப்பினாள். தோண்டுகிற மிருகம் வேலியின் அடியில் மூக்கை வைத்துத்தான் தோண்டும். தோண்டினால் கால் வலையில் முட்டும். இன்னும் ஒன்றரை அடி பின்னால் போய் அங்கிருந்து தோண்டலாம் என்கிற யோசனை அதற்கு வராது. ஆழமாகக் கிடங்கு வெட்டி வலையைப் புதைக்கத் தேவையில்லை. கிருலப்பனையில் கிடங்கு வெட்டினால் தண்ணீர்தான் வரும். இரண்டு மாரிக்குள் புல் வளர்ந்து வலை மறைந்துவிட்டது. இதற்குக் கைமாறாகக் கால் வைத்த கூட்டின் படத்தை அம்மா அவளுக்கு அனுப்பச் சொன்னார். ஹரோவில் இப்போது இருக்கிறது முள்ளியவளைக் கூடு.

அந்த அடிவலை எப்படி வேலை செய்கிறது என்பதை ஒரு மத்தியானம் நான் கண்ணால் பார்த்தேன். முதலில் கோழி கத்தவில்லை. ஜாம் மரத்தில் இருந்த புலுனிக் குருவிக் கூட்டம்தான் கீச்சுக்கீச்சென்று தொண்டை கிழியக் கத்தத் தொடங்கியது. புலுனியும் அணிலும் அப்படிக் கத்தினால் தரையில் ஏதோ வருகிறது என்று அர்த்தம், நான் உலையை விட்டுவிட்டு ஓடிவிடுவேன். குசினி ஜன்னலால் பார்த்தேன். மதிலடி வடிகானில் இருந்து கீரி தலையை நீட்டிற்று. சிவந்த கண். முன்னங்காலை ஊன்றி எழுந்து நின்று கூட்டைப் பார்த்தது. பிறகு வயிறு தரையில் படாத குறையாக ஓடி வந்து, வேலியின் அடியில் மூக்கை வைத்து, ஒவ்வொரு தூணாக மோந்துகொண்டே சுற்றியது. மூலைக்கு வந்ததும் நின்றது. இரண்டு கையாலும் புல்லைக் கிளறியது. நகம் கம்பியில் பட்ட சத்தம் எனக்கு ஜன்னலுக்குக் கேட்டது. கொஞ்சம் தள்ளி, திரும்பவும் கிளறியது, திரும்பவும் கம்பி. உள்ளே கோழிகள் ஒரே இடத்தில் கூடி நின்று, கழுத்தை நீட்டிக் கொக்கரித்துக்கொண்டிருந்தன. ஓடவில்லை, கத்தினதோடு சரி. கீரி ஒரு முறை உடம்பை உலுப்பிவிட்டு, வந்த வடிகானாலேயே போய்விட்டது. அன்றைக்கும் எல்லாக் கோழியும் முட்டை இட்டன.

அந்தக் கீரியை நான் வெறுக்கவில்லை. இந்த வளவில் பாம்பு குறைவாக இருப்பதற்கு அதுவும் ஒரு காரணம். மரநாயும் அப்படித்தான். அது அதிகம் தின்பது பழம். எங்கள் மதிலில் அது விட்டுப்போகிற எச்சத்தைப் பார்த்தால் பப்பாளி விதையும் ஜாம் விதையும்தான் நிறைந்திருக்கும். கோழி கிடைத்தால் தின்னும், கிடைக்காவிட்டால் பப்பாளிக்குப் போகும். கிடைக்காமல் செய்கிற பொறுப்பு என்னுடையது.

இதைச் சொல்லும்போது எனக்கு ஒரு விஷயத்தில் கோபம் அடங்குவதில்லை. எங்கள் பக்கத்தில் ஒரு வீட்டில் கோழி போன ஆத்திரத்தில் மரநாய்க்கென்று வாழைப்பழத்திலும் மீனிலும் நஞ்சு கலந்து மதிலில் வைத்தார்கள். செத்தது ஒழுங்கையின் நாய். இரவில் வேலை முடிந்து வருகிற பெண்பிள்ளைகளை வீதி முனையிலிருந்து வீட்டு வாசல்வரை கூட்டிக்கொண்டு வந்து விடுகிற நாய் அது. அடுத்து இரண்டு காகம். மரநாய் இன்றைக்கும் சீலிங்கில் ஓடுகிறது. நஞ்சுக்கு ஆள் தெரியாது. பிரித்தானியாவில் நரிக்கு நஞ்சு வைப்பது சட்டவிரோதம் என்று தங்கச்சி சொன்னாள். இங்கேயும் மீன்பிடிப் பூனை, உடும்பு, கபரகொய்யா எல்லாம் 1937ஆம் ஆண்டு வனவிலங்கு, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தின் கீழ் பாதுகாக்கப்பட்டவை, கொன்றால் வழக்கு. பிடித்துக்கொண்டுபோய் வேறு இடத்தில் விடுவதும் வீண். ஒன்றை எடுத்த இடத்துக்கு அடுத்தது வரும், கூட்டில் ஓட்டை அப்படியே இருக்கும். காயப்பட்ட மிருகமோ பெரிய பூனையோ வளவுக்குள் அகப்பட்டால் வனசீவராசிகள் திணைக்களத்தின் 1992க்கு அழையுங்கள், தடியை எடுக்காதீர்கள்.

இரவெல்லாம் லைட் எரியவிட்டால் மிருகம் வராது என்று சிலர் சொல்வார்கள். 2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் கறண்ட் இல்லாமல் இருந்த ஊர் இது. அந்த நாட்களில் லைட்டை நம்பியிருந்த கூடுகள்தான் முதலில் போயின. கறண்ட் இருந்தாலும் நகரத்து மிருகத்துக்கு வெளிச்சம் பழகிவிட்டது, வீதி விளக்கின் கீழேதான் மரநாய் வயரில் நடந்து போகிறது. ரேடியோ, பழைய சீடி கட்டித் தொங்கவிடுவது, மனித முடி, இதெல்லாம் இரண்டு மூன்று நாளுக்குக் கதை. வலையும் பூட்டும்தான் மிஞ்சும்.

பூட்டைப் பற்றியும் சொல்லவேண்டும். தங்கச்சியின் புதுக் கூட்டில் வெளிச்சம் பார்த்துத் தானாக இறங்குகிற கதவு இருக்கிறது. அங்கே அது வேண்டும். டிசம்பரில் பின்னேரம் நாலு மணிக்கு முதலே இருட்டும், ஜூனில் இரவு ஒன்பதைத் தாண்டியும் வெளிச்சம். வேலைக்குப் போகிறவள் எந்த நேரத்துக்கு வந்து பூட்டுவது? கதவு இறங்கினதும் தானாகக் கொளுவிக்கொள்கிறதாகப் பார்த்து வாங்கவேண்டும், வெறும் சறுக்குக் கதவை நரி மூக்காலேயே தூக்கிவிடும். கொழும்பில் வருடம் முழுக்கப் பார்த்தாலும் பொழுது படுகிற நேரம் ஐந்தே முக்காலுக்கும் ஆறரைக்கும் நடுவில்தான் அசைகிறது. சாமிக்கு விளக்கு வைக்கிற நேரம் கூடு பூட்டுகிற நேரம். கோழிக்கு இருட்டில் கண் தெரியாது, பொழுது சாய்ந்ததும் தானாக ஏறித் தடியில் உட்கார்ந்துவிடும். துரத்தத் தேவையில்லை. அம்மா விளக்கேற்றிவிட்டுப் போய், கையால் தொட்டுத் தொட்டு எண்ணி, கொளுக்கியைப் போட்டு, ஆமைப்பூட்டையும் மாட்டுவார். கொளுக்கி மிருகத்துக்கு, ஆமைப்பூட்டு மனிதனுக்கு. நெருக்கடி நாட்களில் கோழி களவு போன வீடுகளும் உண்டு.

தீவனத்தை இரவில் வெளியே விடாதீர்கள். சிந்திய குறுணலுக்கு எலி வரும், எலிக்குப் பாம்பு வரும், எலியோடு எலிக்காய்ச்சலும் வரும். எங்கள் தீவனம் மூடி இறுகுகிற வாளியில், குசினிக்குள். தண்ணீர்ச் சட்டியை நாள்தோறும் கவிழ்த்து, உட்பக்கத்தைத் தேங்காய்த் தும்பால் உரஞ்சிக் கழுவவேண்டும். டெங்கு நுளம்பின் முட்டை பாத்திரத்தின் ஓரத்தில் ஒட்டியிருக்கும், தண்ணீரை ஊற்றிவிட்டால் மட்டும் போகாது. பொதுச் சுகாதாரப் பரிசோதகர், பி.எச்.ஐ., வந்து பார்க்கும்போது கோழி வீட்டைத்தான் முதலில் சந்தேகப்படுவார். எங்கள் சட்டியை அவர் தூக்கிப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் பூச்சாடிப் பக்கம் போனார்.

குஞ்சு விட நினைக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. பக்கத்து வீட்டு அக்கா அடைக்கோழி ஒன்றுக்கு ஊர்க்கோழி முட்டை வைத்து 21 நாளில் பொரிக்க வைத்தார். முதல் நாளே அண்டங்காகம் வந்து மதிலில் உட்கார்ந்துவிட்டது. பெரிய கோழிக்குப் போதுமான வேலி குஞ்சுக்குப் போதாது, மேலேயும் மூடவேண்டும். அம்மா அவருக்குக் கரப்பு ஒன்று தேடினார், கொழும்பில் எங்கே கிடைக்கும்? கடைசியில் பழைய மேசை விசிறியின் கூண்டு இரண்டை வெல்ட் மெஷ்ஷோடு சேர்த்துக் கட்டிக் கொடுத்தோம். தாயும் குஞ்சும் அதற்குள் வளர்ந்தன.

போயாவுக்குப் போயா, பௌர்ணமி விடுமுறையில், எல்லோரும் வீட்டில் நிற்கிற நாளாகையால் கூட்டைச் சுற்றிக் கையை வைத்துப் பார்ப்பது எங்கள் வழக்கம். கண்ணால் பார்த்தால் துரு தெரியாது, விரலால் தள்ளினால் தெரியும். ஸ்குரூவை ஒவ்வொன்றாகத் திருகிப் பார்ப்போம். அடிவலையில் மண் அரித்த இடம் உண்டா, கதவின் கீழே விரல் நுழைகிறதா, கூரைத் தகரத்துக்கும் சட்டத்துக்கும் நடுவில் இடைவெளி விழுந்திருக்கிறதா என்று தேடுவோம். இந்த முறை கால்வாய்ப் பக்க மூலையில் வெட்டு விளிம்பு சிவந்துபோய், தள்ளினதும் இரண்டு கண் உடைந்தது. இப்போதைக்கு ஒரு துண்டு வலையை மேலே போட்டுக் கட்டியிருக்கிறோம். வெசாக் கழிந்து மழை பிடிப்பதற்கு முதல் அந்தப் பக்கம் முழுக்க மாற்றவேண்டும். பழைய சோனகத் தெருவுக்குப் போகும்போது பக்கத்து வீட்டு அக்காவுக்கும் சேர்த்து ஒரு சுருள் எடுத்து வருவதாகச் சொல்லியிருக்கிறேன். அவர் கூட்டுக்கு அடிவலை இன்னும் போடவில்லை, பாஸிடம் நாள் கேட்டிருக்கிறோம்.